பொக்லைன் இறங்கும் முன்: காலிங்கராயன் வாய்க்கால் பற்றி

காலிங்கராயன் வாய்க்காலைச் சீரமைக்கிறோம் என்ற செய்தி வரும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமும் பயமும் சேர்ந்தே வருகிறது. தூர் வாராவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது, அதில் இரண்டாவது கருத்தே இல்லை. என் பயமெல்லாம், தூரோடு சேர்த்து எதை அள்ளிக்கொண்டு போகிறோம் என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லையே என்பதுதான்.

பவானி ஆறு காவிரியில் கலப்பதற்குச் சற்று முன்பாக அணைகட்டி, அங்கிருந்து ஈரோடு வழியாக வளைந்து வளைந்து நொய்யல் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்த வாய்க்கால் இது. நீளம் ஏறத்தாழ 56 மைல். கொங்குப் பாண்டியர் காலத்தில், 1270களில் தொடங்கி 1282 வாக்கில் வேலை முடிந்ததாகச் சொல்கிறார்கள். இன்றைக்கும் சுமார் 15,700 ஏக்கர் இதை நம்பித்தான் இருக்கிறது. மஞ்சள், கரும்பு, வாழை, நெல் எல்லாம் இந்தத் தண்ணீரில் விளைகிறது.

பாம்பு வழிகாட்டியது, அது போன தடத்திலேயே அந்தக் காலத்துத் தலைவர் காலிங்கராயர் வாய்க்காலை வெட்டினார் என்பது ஊர்க்கதை. அந்த வளைவுகளுக்குப் பின்னால் இருக்கும் மட்டக்கணக்குதான் என்னை அசர வைக்கிறது. காவிரிக்கரையை ஒட்டியே போனாலும் ஆற்றுக்குள் சரிந்துவிடாமல், மேட்டையும் இழக்காமல், மைல் கணக்கில் மிகச் சிறிய சரிவிலேயே தண்ணீரை நடத்திக்கொண்டு போக வேண்டும். நிலத்தின் மட்டத்தை விடாமல் பிடித்துக்கொண்டு போனால் வாய்க்கால் வளையத்தான் செய்யும். எந்தக் கருவியை வைத்து மட்டம் பார்த்தார்கள்? ஓடைகள் குறுக்கிட்ட இடங்களில் அன்றைக்கு என்ன செய்தார்கள்? முதலில் வெட்டிய அகலம் எவ்வளவு? பிற்காலத்தில் எங்கெல்லாம் கரையை மாற்றினார்கள்? பதில் இருக்குமானால் அது கரை மண்ணுக்குள்தான் இருக்கும்.

இதே ஈரோடு மாவட்டத்தில், இதே நொய்யல் கரையில்தான் தொல்லியல் அகழாய்வு நடந்த பழங்கால ஊரான கொடுமணல் இருக்கிறது. அங்கே சதுரம் சதுரமாகக் குழி போட்டு, மண்ணை அடுக்கடுக்காகச் சுரண்டி, ஒரு ஓட்டுச்சில் கிடைத்தாலும் எண் போட்டு எடுத்து வைக்கிறார்கள். 1980களிலிருந்து அப்படித் தோண்டியதால்தான் மணி செய்ததும் இரும்பு உருக்கியதும் நமக்குத் தெரிந்தது. அந்த மரியாதையில் ஒரு பங்காவது காலிங்கராயன் வாய்க்காலுக்கு வேண்டாமா? தண்ணீர் இன்னும் ஓடுகிறது என்ற ஒரே காரணத்துக்காக அது தொல்பொருள் இல்லை என்று ஆகிவிடுமா?

வாய்க்கால் தொல்லியல் என்பது பெரிய செலவுபிடித்த வேலையும் கிடையாது. கரையைக் குறுக்கே ஓரிடத்தில் வெட்டிப் பார்த்தாலே, தலைமுறை தலைமுறையாகத் தூர் வாரிப் போட்ட மண் அடுக்கடுக்காகத் தெரியும். அடியில் இருக்கும் மணல் துகள் கடைசியாக எப்போது வெயில் பட்டது என்று கணக்கிடும் முறை இன்றைக்கு இருக்கிறது. 1282 வாக்கில் என்ற கணக்கையே அதை வைத்துத் தோராயமாகச் சரிபார்க்கலாம். பழைய மதகின் கல், சுண்ணாம்புக் காரை, கல்லில் உளி பட்ட தடம் என்று ஒவ்வொன்றும் ஒரு சாட்சி. பொக்லைன் ஒரு முறை கை வைத்தால் போதும், அந்தச் சாட்சி அத்தனையும் லாரியில் ஏறிவிடும். மேலே கான்கிரீட் போட்டு மூடிவிட்டால் அப்புறம் யார் வந்து தேடுவது?

கான்கிரீட் பற்றியும் சொல்லியாக வேண்டும். பல இடங்களில் கரைச்சுவரும் தளமும் போட்டாயிற்று. ஊருக்குள் சாயக்கழிவும் தோல் ஆலைக் கழிவும் கலந்த கொடுமைக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டியிருந்தது. பக்கத்திலேயே பேபி வாய்க்கால் கட்டிக் கழிவைப் பிரித்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் வயல்வெளிகளுக்கு நடுவே ஓடும் மண்வாய்க்காலுக்குத் தளம் எதற்கு? கசிவு நீர் வீண் என்று மேசையில் இருப்பவர்கள் எழுதுகிறார்கள். அந்தக் கசிவுதான் கரையோரக் கிணறுகளில் ஊறுகிறது. கீழ்பவானி வாய்க்கால் விவசாயிகளில் ஒரு பெரும் பகுதியினர் கான்கிரீட்டை எதிர்த்து உண்ணாவிரதம் வரைக்கும் போனது இதற்காகத்தான். அதுவோ 1950களில் வந்த வாய்க்கால். இது எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் மண்கரையாகவே நின்று காட்டியது.

தனக்கும் தன் சொந்தங்களுக்கும் ஆதாயம் தேடத்தான் வெட்டினார் என்று பழி வந்தபோது, என் வம்சம் இந்தத் தண்ணீரைத் தொடாது என்று சொல்லிவிட்டுக் காலிங்கராயர் பொள்ளாச்சிப் பக்கம் ஊற்றுக்குளிக்குக் குடிபெயர்ந்தார் என்கிறது கொங்கு மரபு. தை 5ஆம் தேதி அவருக்கு மாலை போடுகிறோம். நல்லது. அந்த மாலையோடு சேர்த்து அவர் வெட்டிய கரையையும் கவனிப்போம்.

நான் கேட்பது இவ்வளவுதான். ஆண்டில் பத்து மாதத்துக்கு மேல் தண்ணீர் ஓடும் வாய்க்கால் இது. கோடையில் அடைத்து வைக்கும் சில வாரங்கள்தான் உள்ளே இறங்கிப் பார்க்கக் கிடைக்கும் நேரம். அடுத்த அடைப்பின்போது நீர்வளத்துறை ஒப்பந்தக்காரரை அனுப்புவதற்கு முன்னால், மாநிலத் தொல்லியல் துறையிலிருந்து நாலு பேரை அனுப்பட்டும். அணையிலிருந்து நொய்யல் வரைக்கும் நடந்து பழைய மதகுகளையும் கற்கட்டையும் படம் பிடித்து, அளந்து, வரைபடத்தில் குறிக்கட்டும். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று அவர்கள் கொடுக்கும் பட்டியல் ஒப்பந்தத்திலேயே ஒரு நிபந்தனையாக இருக்கட்டும். வயல்களுக்குத் தண்ணீர் திருப்பிவிடும் நீர்க்கட்டிகளையும் கரையோர விவசாயிகளையும் கூடவே அழைத்துப் போங்கள், எந்தக் கல் எங்கே புதைந்து கிடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். பாசனச் சங்கத்தில் இருப்பவர்கள் இதைப் படித்தால், அடுத்த கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்.