தேவாலா மண்ணில் புதைத்த கைபேசி தங்கம் தராது

நீலகிரி மாவட்டத்தின் தேவாலா, பந்தலூர் பகுதிகளின் பழைய தங்கச் சுரங்க மண்ணோடு சாணக் கரைசல் சேர்த்துப் பழுதான கைபேசிகளைப் புதைத்தால், நுண்ணுயிரிகள் பிளாஸ்டிக்கைத் தின்றுவிட்டுத் தங்கத்தை மட்டும் விட்டுவைக்கும் என்றொரு வாட்ஸ்அப் செய்தி கூடலூர் வட்டாரத்தில் பரவுகிறது. இது தவறு.

மின்னணுக் கழிவிலிருந்து உலோகம் மீட்கும் நுண்ணுயிரிகள் இருப்பது உண்மையே. ஆனால் அவை எதையும் தின்று தங்கத்தை ஒதுக்குவதில்லை. அசிடித்தியோபேசில்லஸ் ஃபெரோஆக்சிடன்ஸ் என்னும் பாக்டீரியா இரும்பு அயனிகளை ஆக்சிஜனேற்றம் செய்கிறது. அவ்வாறு உருவாகும் ஃபெரிக் அயனிகளே (ஆக்சிஜனேற்றமடைந்த இரும்பு அயனிகள்), பொடியாக்கப்பட்ட சர்க்யூட் பலகையின் செம்பைக் கரைக்கின்றன. இதற்குக் காரகாடித்தன்மை எண் (pH; இது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) 2 அளவிலான கடும் அமிலக் கரைசலும் இடைவிடாத காற்றோட்டமும் வேண்டும். நம் தேயிலை மண்ணின் எண் பெரும்பாலும் 4.5 முதல் 5.5 வரை, ஒவ்வொரு எண்ணுக்கும் அமிலத்தன்மை பத்து மடங்கு மாறும் என்பதால், இது சிறிய வேறுபாடன்று.

தங்கமோ இந்தக் கரைசலில் கரையவே கரையாது. அதைக் கரைக்க, குரோமோபாக்டீரியம் வயலேசியம் போன்ற சயனைடு சுரக்கும் பாக்டீரியாக்கள் ஆய்வகங்களில் பயன்படுகின்றன. அந்த நச்சை வீட்டுக் கொல்லையில் உருவாக்க முயல்வது பேராபத்து.

புதைத்த பலகையில் பாகங்களை இணைக்கும் பற்றாசில் ஈயம் இருந்தால், அது அமில மண்ணிலும் பருவமழையிலும் மெல்லக் கசியும்; சரிவில் கீழே இருப்பவை ஊற்றுகளும் குடிநீர்க் கிணறுகளும். புதைத்தவர்கள் உடனே தோண்டி எடுத்து, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேரும்படி ஒப்படைக்க வேண்டும்.