ஒருமுறை ஏற்றிவிட்டால் வேலை முடிவதில்லை
அழைப்பிதழ் போன்ற டிஜிட்டல் வடிவமைப்புகளை இலவச எழுத்துருக்களைக் கொண்டே உருவாக்கி, ஒருமுறை இணையக் கடையில் ஏற்றிவிட்டால் பிறகு வேலையே இல்லை என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பதைத் திருத்த வேண்டியிருக்கிறது. சரக்கு அடுக்க இடம் தேவையில்லை என்ற அளவில் அவர் சொல்வது சரிதான். ஆனால், பல எழுத்துருக்கள் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே இலவசம். விற்பனைக்கு அவற்றின் உரிமையாளரிடம் தனி உரிமம் பெற வேண்டும். யாரும் இலவசமாகப் பயன்படுத்த அனுமதிக்கும் எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தில் (SIL Open Font License) வெளியானவற்றைக் கொண்டு அழைப்பிதழ் வடிவமைத்து விற்கலாம். எழுத்துருக் கோப்பை மட்டும் தனியாக விற்கத்தான் தடை. கூடவே வரும் உரிமக் கோப்பைப் படித்துப் பார்ப்பதைத் தவிர இதற்குக் குறுக்குவழி கிடையாது.

‘வேலையே இல்லை’ என்பது இதைவிடப் பெரிய தவறு. எங்கள் வீட்டில் வரைவது தங்கை. வாங்கியவர்களுக்குப் பதில் எழுதுவது நான். வரும் புகார்களில் பெரும்பாலானவை அச்சைப் பற்றியவை. 1080 பிக்சல் (படத்தை உருவாக்கும் நுண்புள்ளி) அகலமுள்ள படம் கைபேசியில் கச்சிதமாகத் தெரியும். அதையே ஏ4 தாளின் முழு அகலத்துக்கு அச்சிட்டால் அங்குலத்துக்குச் சுமார் 130 பிக்சல்தான் கிடைப்பதால், எழுத்துகளின் ஓரம் பிசிறடித்துவிடும். அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டுமென்றால் ஏ4 கோப்பு 2480-க்கு 3508 பிக்சல் என்ற அளவில் இருக்க வேண்டும். சிறிய படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் மங்கல்தான் பெரிதாகும் என்பதால், பழைய கோப்புகள் பலவற்றைத் தங்கை முதலிலிருந்தே வரைய நேர்ந்தது. திரையில் பளிச்சிடும் பச்சை காகிதத்தில் மங்கலாக வரும் என்பதையும் பொருள் விவரத்திலேயே எழுதிவிடுங்கள். நாங்கள் அதை எழுதாமல் இருந்த காலத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்டவர்கள் உண்டு.