5 சாவியும் 17,000 பீப்பாயும்

கண்ணாடிக் குடுவைக்குள் மிதக்கும் அந்த இதயத்தின் படம் மறுபடியும் என் டைம்லைனில் சுற்ற ஆரம்பித்திருக்கிறது. பிரேசிலின் முதல் பேரரசர், போர்த்துக்கலுக்கு நான்காம் பெட்ரோ. அவருடைய இதயம் அது. சாகும்போது போர்ட்டோ நகரத்துக்கென்று எழுதிவைத்துவிட்டுப் போனார். 2022 ஆகஸ்டில், பிரேசில் விடுதலையின் 200-வது ஆண்டுக்காக அதை இரவல் வாங்கி, விமானப்படை விமானத்தில் ஏற்றி, ராணுவ மரியாதையோடு பிரசீலியாவில் இறக்கினார்கள். இப்போது பழையபடி போர்ட்டோவின் லாப்பா தேவாலயத்தில் இருக்கிறது. பூட்டைத் திறக்க 5 சாவி வேண்டுமாம். கமெண்டில் ஒரே உருக்கம்: "ஊர் மேல எவ்ளோ பாசம் பாருங்க!"

எனக்கு இதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்லிவிடுகிறேன்.

அந்த இதயம் ஒரு முற்றுகைக்கான நன்றிக்கடன். 1832 ஜூலையிலிருந்து 1833 ஆகஸ்ட் வரை, 13 மாதம், போர்ட்டோ வளைக்கப்பட்டுக் கிடந்தது. வளைத்தவர் அந்நியர் இல்லை, பெட்ரோவின் கூடப்பிறந்த தம்பி மிகேல். 1826-இல் அப்பா இறந்ததும், பிரேசிலில் இருந்த அண்ணன் போர்த்துக்கலுக்கு ஓர் அரசியல் சாசனத்தை எழுதி அனுப்பினார். அரியணையை 7 வயது மகள் மரியாவுக்குக் கொடுத்தார். அவள் மிகேலைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் வைத்தார். தாய்மாமன் என்றால்கூட நம் ஊரில் புரிந்துகொள்வோம், இது சித்தப்பா! சரி என்று ஒப்புக்கொண்டு 1828-இல் ஊர் திரும்பிய சித்தப்பா, சாசனத்தைத் தூக்கி எறிந்துவிட்டுத் தானே ராஜா என்று உட்கார்ந்துவிட்டார். போர்ட்டோவில் எதிர்த்துக் கிளம்பியவர்களில் சிலரை 1829-இல் அந்த நகரத்தின் நடுச்சதுக்கத்திலேயே தூக்கில் போட்டார்கள்.

1831-இல் பிரேசில் அரியணையும் கைவிட்டுப் போக, பெட்ரோ ஐரோப்பாவுக்கு வந்தார். அசோர்ஸ் தீவுகளில் ஆள் சேர்த்து, ஏறக்குறைய 7,500 பேரோடு 1832 ஜூலை 8 அன்று போர்ட்டோவுக்கு வடக்கே கடற்கரையில் இறங்கினார். மறுநாள் சண்டையே இல்லாமல் நகரத்துக்குள் போய்விட்டார். மிகேலின் படை டூரோ ஆற்றைத் தாண்டித் தென்கரைக்கு, காயாவுக்கு, பின்வாங்கியிருந்தது.

சுதந்திரக் கொடியைப் பார்த்ததும் சுற்றுவட்டார விவசாயிகள் திரண்டு வருவார்கள் என்பது பெட்ரோவின் கணக்கு. யாரும் வரவில்லை. கிராமங்கள் பாதிரியார்கள் சொல் கேட்டு மிகேல் பக்கம் நின்றன. "மக்கள் ஒருபுறம், கொடுங்கோலன் மறுபுறம்" என்று இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் இந்த இடத்தை மட்டும் வசதியாகத் தாண்டிப் போய்விடுவார்கள். விடுவிக்க வந்த படையே நகரத்துக்குள் மாட்டிக்கொண்டது, அதோடு சேர்ந்து நகரமும். தென்கரையில் அவர்கள் கையில் மிஞ்சியது சேரா டோ பிலார் குன்றும் அதன் மேல் இருந்த மடமும் மட்டுமே.

சாப்பாடு வர ஒரே வழி ஆற்றின் வாய், ஃபோஸ். எதிர்க்கரையில் மிகேலின் பீரங்கிகள் அதையே குறிபார்த்துக்கொண்டிருந்தன. கப்பலில் வந்த மூட்டைகளை ராத்திரியில், அலையிலும் குண்டிலும் தப்பித்துத்தான் கரை சேர்க்க வேண்டும். கடல் கொந்தளித்தால் அதுவும் கிடையாது. குளிர்காலத்தில் விறகுக்கே தட்டுப்பாடு. நாய், பூனை, கழுதை எல்லாம் அடுப்புக்குப் போயின. 1833 ஜனவரியில் உதவிக்கு ஆள் கொண்டுவந்த கப்பலோடு காலராவும் வந்து இறங்கியது. வங்கத்திலிருந்து கிளம்பி ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டிருந்த நோய் போர்த்துக்கலுக்குள் நுழைந்தது இந்த வாசல் வழியாகத்தான். மதிலை வளைப்பவனுக்கு உழிஞை, காப்பவனுக்கு நொச்சி என்று நம் ஆட்கள் பூச்சூட்டிவிட்டார்கள். மதிலுக்குள் உலை வைக்க ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தவளுக்கு ஒரு பூவும் சொல்லவில்லை.

(இடையில் ஒன்று. இதை "போர்த்துக்கல் உள்நாட்டுப் போர்" என்கிறோம். பெட்ரோவின் படையை நடத்த வந்தவர் சொலிஞாக் என்ற பிரெஞ்சுத் தளபதி. கொஞ்ச நாள் கழித்து மிகேலின் படையை நடத்த வந்தவர் பூர்மோன், அவரும் பிரெஞ்சுக்காரர்தான், 1830-இல் அல்ஜியர்ஸைப் பிடித்தவர். 1833 ஜூலையில் மிகேலின் கப்பற்படையை நொறுக்கியவர் நேப்பியர் என்ற ஸ்காட்லாந்துக்காரர், அதுவும் "கார்லோஸ் டி பொன்சா" என்ற பொய்ப் பெயரில். செத்த போர்ட்டோக்காரன் மட்டும் அசல் போர்ட்டோக்காரன்.)

இப்போது பீப்பாய்க்கு வருகிறேன். இந்தச் சொல்லே அங்கிருந்து வந்ததுதான். அவர்களுடைய "பிப்பா" நமக்குப் பீப்பாய் ஆனது, "ஷாவி" சாவி ஆனது. காயா கரை முழுக்க மதுக் கிடங்குகள். டூரோ பள்ளத்தாக்கில் மலைச்சரிவை வெட்டிப் படிப்படியாகக் கட்டி விளைவித்த திராட்சையின் மது அங்கேதான் வந்து முதிரும். பீப்பாய் ஒன்றுக்கு 500 லிட்டருக்கு மேல் கொள்ளும். 1833 ஜூலை 24-இல் பெட்ரோவின் ஆட்கள் லிஸ்பனைப் பிடித்துவிட்டார்கள். மறுநாள் போர்ட்டோ மேல் பூர்மோன் நடத்திய பெருந்தாக்குதலும் தோற்றது. மிகேலின் படை காயாவை விட்டுப் போக வேண்டிய நிலை. ஆகஸ்ட் 16 அன்று, போகிற போக்கில், மதுக் கம்பெனியின் கிடங்குகளுக்குத் தீ வைத்தார்கள். 17,000 பீப்பாய்க்கு மேல். கொதித்த மது சரிவில் வழிந்து ஆற்றில் விழ, டூரோ சிவப்பாக ஓடியது. ஆற்றில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மாலுமிகள் இறங்கித் தீயை அணைக்கப் போராடினார்கள். வடகரையில் 13 மாதம் அரைவயிற்றோடு கிடந்தவர்கள், ஒரு பள்ளத்தாக்கின் பல வருட உழைப்பு தங்கள் கண்ணெதிரே ஆற்றோடு போவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள். அந்த வாசனையை என்னால் யோசித்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

அன்றைக்கு பெட்ரோ எங்கே? லிஸ்பனில். தலைநகர் கைக்கு வந்த செய்தி கிடைத்ததுமே ஜூலை கடைசியில் கப்பலேறிப் போய்விட்டார். முற்றுகை வளையத்தை பெட்ரோவின் தளபதி சல்டானியா உடைத்தது ஆகஸ்ட் 18-இல். இதயத்தைக் கொடுத்தவர் கடைசி மூன்று வாரம் அந்த ஊரில் இல்லை. ராஜாவுக்கு வெளியே போக வழி இருந்தது.

"அப்ப நீ மிகேல் பக்கமா?" என்று கேட்க வராதீர்கள். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவே இல்லை. தூக்குமரம் நட்டவர் மிகேல். பெட்ரோவின் அரசோ முற்றுகைக்குள் இருந்தபடியே கோயில் தசமபாகத்தை ஒழித்துச் சட்டம் போட்டது. அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று: 1833 ஜூலை 9, நகரத்துக்குள் நுழைந்து சரியாக ஒரு வருடம், சுற்றிலும் பீரங்கி, ஊரெல்லாம் காலரா, அன்றைக்கு ஒரு பொது நூலகம் அமைக்க ஆணை போட்டார்கள். அதற்கு உதவி நூலகராகப் போனவர் அதே முற்றுகையில் துப்பாக்கி தூக்கிய 23 வயதுப் பையன், அலெஷாந்த்ரே எர்குலானோ. பின்னாளில் போர்த்துக்கலின் பெரிய வரலாற்றாசிரியர். புத்தகங்கள் வந்த வழி அவ்வளவு சுத்தம் இல்லை, துறவிகள் விட்டுவிட்டு ஓடிய மடங்களிலிருந்து அள்ளியவை நிறைய. ஆனாலும் இன்றைக்கும் அந்த நூலகம் இருக்கிறது. பாசத்துக்குச் சாட்சி வேண்டுமென்றால் இதைப் பகிருங்களேன், குடுவை எதற்கு?

1834 மே மாதம் எவோராமோன்ட்டியில் போர் முடிந்தது. மிகேல் நாடு கடத்தப்பட்டார். செப்டம்பரில் பெட்ரோ காசநோயில் போய்விட்டார், வயது 35. உடல் 1972-இல் சாவோ பாவ்லோவுக்குப் போனது, இதயம் மட்டும் லாப்பாவில். ஊருக்கு "வெல்லப்படாதது" என்று ஒரு பட்டம். அரசாங்கங்களுக்குச் செலவில்லாத நன்றி பட்டம்தான்.

போர்ட்டோ போகிற நண்பர்கள் யாராவது இருந்தால், லாப்பாவுக்கு முன்னால் கிழக்கே மெட்ரோவில் "எரோயிஷ்மோ" நிலையத்தில் ஒருமுறை இறங்கிப் பாருங்கள். வீரம் என்று அர்த்தம், அங்கே இருக்கும் தெருவின் பெயர். 1832 செப்டம்பர் 29, மிகேலின் பெயர் கொண்ட புனிதரின் திருநாள். ராஜாவுக்கு நகரத்தைப் பரிசாகக் கொடுப்பதற்காக அவர் படை முழு மூச்சாக அந்தப் பக்கம் பாய்ந்தது. தெருவில் நின்று திருப்பி அனுப்பினார்கள். அங்கே நிற்க 5 சாவி ஒன்றும் வேண்டாம், மெட்ரோ டிக்கெட் போதும்.