சிவப்புத் தகடு சொல்வதும் சொல்லாததும்

அமெரிக்காவில் பழைய மேனுஃபேக்சர்டு வீடு (தொழிற்சாலையில் கட்டி, இழுத்து வந்து நிறுத்தும் வீடு) வாங்கும்போது, வெளிச்சுவரில் ஹட் எனும் மத்திய வீட்டுவசதித் துறையின் சிவப்புத் தகடு இருந்தால் இன்ஸ்பெக்‌ஷன் தேவையில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு, நம்பி இறங்கினால் பெரிய செலவில் கொண்டுபோய் விடும்.

1976 ஜூன் 15 முதல் அமலில் உள்ள விதிப்படி வீடு தொழிற்சாலையில் கட்டப்பட்டது என்பதற்கு மட்டுமே அந்தத் தகடு அத்தாட்சி. அதை இழுத்து வந்து நிறுத்திய விதம், அப்புறம் ஒட்டிக் கட்டிய அறை, கூரை எதற்கும் அது பொறுப்பல்ல.

கோளாறுகள் பெரும்பாலும் அடியில்தான் இருக்கும். டார்ச்சோடு யாராவது தவழ்ந்து போய்ப் பார்த்தே ஆக வேண்டும். தரைக்குக் கீழே இன்சுலேஷனைத் தாங்கும் கறுப்பு உறை ஓரிடத்தில் வயிறு போலத் தொங்கினால், மேலே குழாய் கசிந்து தண்ணீர் தேங்கியிருக்கலாம். நேர் மேலே உள்ள தரையை மிதித்துப் பாருங்கள். மரத்துகளை அழுத்திச் செய்த துகள் பலகையாக இருந்தால் ஈரத்தில் உப்பி, காலுக்கு மெத்தென்று அமுங்கும். வாட்டர் ஹீட்டரைச் சுற்றியும் கழிப்பறையிலும் இது சகஜம். தாங்கு தூண்கள் சாய்ந்திருக்கிறதா, வீட்டை நிலத்தோடு பிணைக்கும் ஆங்கர் பட்டை தளர்ந்தோ துருப்பிடித்தோ இருக்கிறதா என்பதும் முக்கியம்.

புளோரிடாக் கடலோரம் என்றால் இன்னொன்று. ஆண்ட்ரூ புயலுக்குப் பிறகு, 1994-ல்தான் புயல்காற்றைத் தாங்குவதற்கான விதிகள் கடுமையாயின. 1976-க்குப் பிறகு, 1994-க்கு முன் கட்டிய வீட்டிலும் தகடு இருக்கும், ஆனால் இன்றைய பலம் இருக்காது. வீட்டின் காற்று மண்டலம், அதாவது எந்த அளவு காற்று வீசும் பகுதிக்காக அது கட்டப்பட்டது என்பது, பெரும்பாலும் சமையலறை அலமாரிக்குள் ஒட்டியிருக்கும் விவரத் தாளில் இருக்கும்.