வயரின் நீளமும் மின்தடையைக் கூட்டும்

"வயர் கனமாக இருந்தால் போதும், எவ்வளவு நீளம் இழுத்தாலும் மின்தடை மாறாது" என்று மேலே ஒரு அண்ணா எழுதியிருக்கிறார், பலரும் பகிர்ந்திருக்கிறார்கள். (மின்தடை என்று இங்கே சொல்வது கரண்ட் போவதை அல்ல; கரண்ட் ஓடுவதை வயர் எதிர்க்கும் அளவு, ஓமில் அளப்பார்கள்.) கனத்தைப் பற்றிச் சொன்னது சரிங்க அண்ணா. ஆனால் நீளமும் கணக்கில் வரும். அதே வயர் இரண்டு மடங்கு நீளமானால் மின்தடையும் இரண்டு மடங்கு.

2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 100 மீட்டருக்குச் சுமார் 0.7 ஓம். சாளையிலிருந்து (தோட்டத்து வீட்டிலிருந்து) கிணற்று மோட்டார் 100 மீட்டர் தள்ளி இருந்தால், போக ஒன்று வர ஒன்று என 200 மீட்டர், 1.4 ஓம். சிங்கிள் பேஸ் மோட்டார் 10 ஆம்பியர் இழுத்தால் வயரிலேயே 14 வோல்ட் போய்விடும். போர்வெல் ஆயிரம் அடி இறங்குகிற, அவ்வளவு வயரும் கூட வேண்டியிருக்கிற நம் பக்கத்துத் தோட்டங்களில் இதை விட்டுவிட முடியாது.

யாரும் சோதிக்கலாம். எதிலும் இணைக்காத, 90 மீட்டர், 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர்ச் சுருளின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை ஓமில் வைத்துப் பாருங்கள். ஒன்றரை ஓமுக்குச் சற்று மேலே காட்டும். (முதலில் மீட்டரின் இரு முனைகளையும் ஒட்டவைத்து, வருகிற எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள்.) அப்புறம் அதே மாதிரி இன்னொரு சுருளை முனையோடு முனை முறுக்கிச் சேர்த்து அளந்தால், ஏறக்குறைய இரண்டு மடங்கு வரும்.