தகுதியும் தபால் உறையும்

அமெரிக்காவில் வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் மருத்துவக் காப்பீடு மெடிக்கெய்ட். 1965-இல் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட அந்தச் சட்டத்தில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. ஆனால் யாருக்குத் தகுதி உண்டு என்று வரையறுப்பதில் பெரும்பகுதி மாநிலங்களின் கையில் விடப்பட்டது. அந்த வருமான வரம்பை மிகத் தாழ்வாக வைத்திருப்பவை பெரும்பாலும் தென் மாநிலங்கள். கறுப்பின மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் வாழ்வதும் அங்கேதான்.

ஒபாமா கேர் எனப்படும் 2010-ஆம் ஆண்டுச் சட்டம், வறுமைக்கோட்டின் 138 விழுக்காடு வரை வருமானமுள்ள பெரியவர்கள் அனைவரையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. 2012-இல் உச்ச நீதிமன்றம் அதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. டெக்சஸ், ஃபுளோரிடா, ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி உள்ளிட்ட பத்து மாநிலங்கள் இன்றும் முழுமையாக ஏற்கவில்லை. இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்க்கும் தாய் அலபாமாவில் மாதம் ஏறத்தாழ 400 டாலருக்கு மேல் சம்பாதித்தால் மெடிக்கெய்ட் இல்லை; அரசின் காப்பீட்டுச் சந்தையில் தனியார் காப்பீடு வாங்குவதற்கான மானியமோ வறுமைக்கோட்டை எட்டிய பிறகே தொடங்குகிறது. உதவி பெற முடியாத அளவுக்கு ஏழையாக இருப்பது என்ற விசித்திரத்தை வேறெங்கும் நான் கண்டதில்லை.

பிள்ளைகளுக்கான வரம்பு எல்லா மாநிலங்களிலும் இதைவிடத் தாராளமானது. ஆயினும் தகுதி வேறு, பதிவேட்டில் பெயர் இருப்பது வேறு. முதியோரை வீட்டிலிருந்து கவனித்துக்கொள்ளும் வேலை பார்க்கும் என் அண்டைவீட்டுக் கறுப்பினப் பெண்மணி, மகனுக்கு ஆஸ்துமா இன்ஹேலர் வாங்கப் போனபோதுதான் காப்பீடு நின்றுபோனதை அறிந்தார். கணினி தெரிந்தவன் என்று என்னை அழைத்தார். (இந்தியர் என்றால் கணினி தெரிந்தே தீரும் என்பது இவ்வூரின் அசையாத நம்பிக்கை.) வருமானச் சான்று கேட்ட கடிதம் அவருடைய பழைய வாடகை வீட்டுக்குப் போயிருந்தது. சம்பளச் சீட்டைப் படமெடுத்து ஏற்றினோம். மூன்று முறை படம் தெளிவாக இல்லை என்று திரும்பியது. அந்தப் பையனுக்குத் தகுதி ஒருநாளும் போகவில்லை, உறைதான் வந்து சேரவில்லை.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல. மெடிக்கெய்டிலிருந்து யாரையும் நீக்கக் கூடாது என்ற பெருந்தொற்றுக் காலப் பாதுகாப்பு 2023-இல் முடிந்த பிறகு இரண்டரைக் கோடிப் பேருக்கும் மேல் நீக்கப்பட்டார்கள். அவர்களில் பத்துக்கு ஏழு பேர் அளவில், தகுதியின்மை கண்டறியப்பட்டு அல்ல, படிவம் திரும்பி வராதது போன்ற நடைமுறைக் காரணங்களால் நீக்கப்பட்டவர்கள். வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பவர்களும் வேலைநேரம் வாரந்தோறும் மாறுபவர்களுமே இத்தகைய வலையில் முதலில் சிக்குவார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை.

இந்த நிலையில், 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விரிவாக்கத்தின் வழியே சேர்ந்த பெரியவர்கள் மாதம் 80 மணிநேரம் வேலை, படிப்பு, தொண்டு போன்றவற்றில் செலவிட்டதற்குக் கணக்குக் காட்ட வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகுதியை மெய்ப்பிக்க வேண்டும் என்று 2025-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது; 2027 தொடக்கத்துக்குள் அது பொதுவாக நடைமுறைக்கு வந்தாக வேண்டும். ஆர்கன்சாஸ் 2018-இல் இதைச் செய்து பார்த்தபோது, நீதிமன்றம் நிறுத்துவதற்குள் 18,000-க்கும் மேற்பட்டோர் காப்பீட்டை இழந்தார்கள். சம்பள விவரம் வரித்துறையிடமும் தொழிலாளர் துறையிடமும் ஏற்கெனவே கிடக்கிறது. அதை அரசே எடுத்துப் பார்த்துக் காப்பீட்டைப் புதுப்பிக்கட்டும். ஐயம் எழுந்தால் மட்டும் கடிதம் அனுப்பட்டும், அதையும் கைப்பேசிக்கு அனுப்பட்டும்.