மேசைமேல் மூன்று கண்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒட்டுக்கடைக்குப் போய்ப் பாருங்கள். உட்கார்ந்த உடனே ஆளாளுக்குக் கைப்பேசியை எடுத்து மேசையில் கவிழ்த்து வைப்பார்கள். திரை கீறினாலும் பரவாயில்லை, பின்னால் இருக்கும் மூன்று கேமராக் கண்ணும் ஊருக்குத் தெரியவேண்டும்! என்னுடையதில் ஒரு கண்தான். அதிலும் ரொட்டி சானாய் எண்ணெய்.

ஐபோன் 16 புரோ மேக்ஸ் வந்தபோது ஆரம்ப விலையே 5,999 ரிங்கிட். 2025இல் உயர்த்திய குறைந்தபட்சச் சம்பளம் 1,700. மூன்றரை மாதம் செம்பனைக் குலை வெட்டினால் ஒன்று வாங்கலாம், சோறு தின்னாமல் இருந்தால். அதனால் எல்லாம் தவணைதான்.

சரி, அவரவர் காசு, எனக்கென்ன என்று இருந்துவிடலாம். இருக்க விடுகிறார்களா? தே தாரிக் பாதி குடிப்பதற்குள் அக்கா மகன் என் கைப்பேசியைப் பார்த்து, "இன்னுமா மாமா இத வச்சிருக்கீங்க?" என்று சிரித்தான். பக்கத்து மேசைக்காரரும் சிரித்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மாமா, டேட்டா முடிஞ்சிருச்சு. கொஞ்சம் ஹாட்ஸ்பாட் போடுங்களேன்."

போட்டேன். தேத்தண்ணிக் காசும் நான்தான் கொடுத்தேன்.